சேலையை வெட்டியவளின் கணக்கு

வணக்கம் அக்கா,

வன்னிப் போரை வைத்து எழுதப்பட்ட கதைகளில் பெண்கள் ஒன்றில் வீரத்தாயாக வருகிறார்கள், இல்லாவிட்டால் சிதைக்கப்பட்ட உடலாக வருகிறார்கள். என் அம்மம்மாவும் சித்தியும் அதில் எங்கேயும் இல்லை. ஆண்கள் எழுதுவதால்தான் இப்படியா? பாலியல் வன்முறையை எழுதாமல் விடுவதுதான் நல்லதா?

ஒரு வாசகி, மல்லாவி

அன்புள்ள தங்கச்சி,

எழுதியவர் ஆணா பெண்ணா என்று பார்த்தால் பாதித் தூரம்தான் போகலாம். பெண்கள் எழுதிய கதைகளிலும் அழுவதற்கென்றே வரும் அம்மாமார் இருக்கிறார்கள். கதைக்குள் முடிவெடுப்பது யார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆள்சேர்ப்பு இறுகிய 2007, 2008 காலத்தில், புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூட அவசரக் கலியாணம் நடந்தது. கதைகளில் இது வருகிறது, தகப்பனின் தவிப்பாக. கழுத்தை நீட்டியவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்ததா, அவள் இயக்கத்துக்குப் போகவே விரும்பியிருந்தாளா என்று கேட்க ஆளில்லை.

சேலையை எடுங்கள். நம் எழுத்தாளர்களுக்குச் சேலை என்றால் மானம், உருவப்படும், கிழியும். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கடற்கரை மணலில் பங்கர், அதுதான் பதுங்குகுழி, வெட்ட வெட்டச் சரிந்தது. சாக்குக்கு எங்கே போவது? சேலைகளை வெட்டி, பையாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். கூறைச்சேலையும் அதில் போனது. எதை முதலில் வெட்டுவது, எதை மகளுக்கென்று ஒளித்து வைப்பது, ஊசி நூலுக்கு யாரிடம் போவது என்று ஒருத்தி கணக்குப் போட்டிருப்பாளே, ஒரு நாவலுக்கு அது காணும். பங்கருக்குள் இருந்தவனின் தத்துவ யோசனை மட்டும் பத்துப் பக்கத்துக்கு ஓடுகிறது!

போராளிப் பெண்களுக்கும் இதே கதிதான். துவக்கோடு நிற்கும்வரை பக்கம் பக்கமாக எழுதுவார்கள். போர் முடிந்தபின் அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்தவளைப் பெண்கேட்க ஊர் தயங்கியதை எழுதக் கை வராது.

வன்முறையை விடச் சொல்லமாட்டேன். நடந்ததை மறைத்தால் செய்தவனுக்குத்தான் வசதி. ஆனால் அதற்கு முன் அவள் யார், பிறகு எப்படிச் சோறு உழைத்தாள், யாரோடு சண்டை பிடித்தாள் என்று ஒன்றுமே இல்லாமல் அந்த ஒரு காட்சிக்காக மட்டும் அவளைக் கூட்டிவந்தால், எதிரியின் கொடுமையைக் காட்டும் தடயப்பொருள் ஆகிவிடுகிறாள். பெயர்கூட இராது. அதிலும் அவள் உடம்பை நின்று நிதானமாக வர்ணிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை நான் வாசிப்பதில்லை.