தொட்டி வழிந்தால் பஃபர் ஓவர்ஃப்ளோவா?

புரோகிராமர்கள் வீட்டுச் சாமான்களை வைத்து அடிக்கும் ஜோக்குகளைப் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஜோக் தேறுகிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பொருள் கெட்டுப்போகும் விதமும் புரோகிராம் கெட்டுப்போகும் விதமும் ஒத்துப்போக வேண்டும். பெயர்ப் பொருத்தம் மட்டும் போதாது.

கேள்வி: மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் என் மகன் மோட்டாரை நிறுத்த ஓடாமல், "அம்மா, பஃபர் ஓவர்ஃப்ளோ!" என்று கத்துகிறான். அவன் சொல்வது சரியா? (வாசகி, கரூர்)

பாதி சரி. பஃபர் என்பது மெமரியில் தகவலை வைக்க ஒதுக்கிய பெட்டி; கொள்ளளவுக்கு மேல் எழுதினால் ஓவர்ஃப்ளோ. தொட்டியில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும். தண்ணீரும் கரண்டும் வீண், அவ்வளவுதான். சி மொழியில் எழுதிய புரோகிராமில் "வெளியே" என்று ஓர் இடமே கிடையாது. மெமரியில் ஒரு பெட்டியை ஒட்டியே அடுத்த பெட்டி. வழிவது அதற்குள்தான் இறங்கும்.

நம்ம ஊர் உதாரணமே பார்ப்போம். "வணக்கம்" என்ற சொல்லை வைக்க ஒருவர் 20 பைட் (மெமரி இடத்தின் சிறு அலகு) ஒதுக்குகிறார். கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து, தாராளமாகப் போதும் என்று நினைப்பு. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் அது வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறியீடுகள். அந்தக் குறியீடுகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. சொல் இத்துடன் முடிந்தது என்று காட்ட ஒரு பூஜ்ய பைட்டும் வேண்டும். மொத்தம் 22. சி-யின் பழைய ஸ்ட்ரிங் காப்பி ஃபங்ஷன் (சொல்லை நகலெடுக்கும் கட்டளை) இடம் இருக்கிறதா என்று பார்க்காது. மிச்சம் 2 பைட்டையும் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல் எழுதிவிடும். அங்கே ஒரு தொகை இருந்தால் தொகை மாறும். ஃபங்ஷன் முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இருந்தால் புரோகிராம் வேறெங்கோ போகும். 1988-இல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய மோரிஸ் புழு (தானாகப் பரவும் புரோகிராம்) பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இதுதான்: யூனிக்ஸ் கணினிகளில் இருந்த ஃபிங்கர் என்ற சேவை, வரும் எழுத்துகளை நீளம் பார்க்காமல் 512 பைட் பெட்டிக்குள் வாங்கிக்கொண்டிருந்தது.

அளவு பார்த்து எழுதும் ஃபங்ஷனைப் போட்டாலும் தமிழில் ஒரு வம்பு உண்டு. 20 பைட்டுக்கு மேல் எழுதாதே என்று சொன்னால் அது 19 பைட்டோடு வெட்டி, பூஜ்யத்தை வைக்கும். 18 பைட்டில் "வணக்கம" வரை வந்துவிடும். கடைசிப் புள்ளியின் முதல் பைட் மட்டும் தொங்கும். திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிவதற்கு ஒரு காரணம் இப்படி வெட்டுப்பட்ட எழுத்துதான். பைட்டை எண்ணி வெட்டாமல், முழு எழுத்து முடியும் இடம் பார்த்து வெட்ட வேண்டும்.

உங்கள் தொட்டித் தண்ணீர் பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள் இறங்கினால் மகன் சொன்னது முழுக்கச் சரி. அதுவரை ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அலுவலக வாட்ஸாப் குழுவில் ஒரு படம். டாய்லெட் பேப்பர் தீர்ந்து அட்டைச் சுருள் மட்டும் மாட்டியிருப்பது 0, அதுவும் இல்லாமல் வெறும் கம்பி இருப்பது நல் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. (வாசகர், மதுரை)

உங்களுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்! சர்க்கரை டப்பா காலி என்றால் 0. டப்பாவே இல்லை என்றால் நல் (null), அதாவது மதிப்பே இல்லாத நிலை. இப்போது கணக்குக்கு வருவோம். மூன்று மாணவர்களில் ஒருவர் 80, ஒருவர் 70, மூன்றாமவர் தேர்வுக்கே வரவில்லை. எஸ்க்யூஎல் மொழியில் கேள்வி கேட்கும் டேட்டாபேஸில் (தகவல் அட்டவணைகளில்) அவருக்கு 0 போட்டால் சராசரி 50. நல் போட்டால் சராசரி 75, ஏனென்றால் சராசரி எடுக்கும்போது நல் இருக்கும் வரியைச் சேர்க்காது. வித்தியாசம் 25 மதிப்பெண். எர்ரர் எதுவும் வராது.

இன்னொரு பொறி: நல்லோடு எதைக் கூட்டினாலும் விடை நல்தான். அலவன்ஸ் கட்டம் நல்லாக இருந்தால் அடிப்படைச் சம்பளம் 30,000-த்தோடு அதைக் கூட்டும்போது 30,000-மும் காணாமல் போகும். நல் இருக்கும் வரிகளைத் தேடச் சமக்குறியைப் போட்டால் ஒரு வரியும் வராது, "இஸ் நல்" என்றுதான் கேட்க வேண்டும். கூட்டுவதற்கு முன் "கோயலெஸ்" ஃபங்ஷனால் நல்லை 0 ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா இடத்திலும் ஆக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன சராசரி கெட்டுவிடும்.

புரோகிராம் மொழியில் நல் ரெஃபரன்ஸை (எதையும் சுட்டாத சுட்டியை) 1965-இல் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், பின்னாளில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். படம் நல்ல படம். அளவுகோலில் தேறுகிறது.

கேள்வி: லிஃப்ட் பட்டனைப் பலமுறை அழுத்துகிறவரைப் பார்த்து "ஐடெம்பொடென்ட்" என்று சிரிக்கிறார்களே? (வாசகி, சென்னை)

ஒருமுறை செய்தாலும் பத்துமுறை செய்தாலும் விளைவு ஒன்றேயானால் அந்தப் பெயர். லிஃப்ட் பட்டன் அப்படி, காலிங் பெல் அப்படியில்லை. (இரண்டாம் முறை அழுத்தினால் மாடித் தேர்வை ரத்து செய்யும் லிஃப்டுகளும் உண்டு, அங்கே ஜோக் செல்லாது.) பணம் கட்டும் பட்டன் இயல்பில் காலிங் பெல் வகை. அதனால்தான் ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்கும் ஒரு தனி எண்ணைச் சேர்த்து அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே தரும்படி எழுதுவார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண்ணை உருவாக்கினால் பயனில்லை, அழுத்துமுன்பே அது உருவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: இணையதளங்கள் காட்டும் எர்ரர் எண்களில் 418 என்று ஒன்று நிஜமாகவே உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

உண்டு, "நான் ஒரு டீ பாத்திரம்" என்று பொருள். 1998 ஏப்ரல் 1 அன்று காபி பாத்திரங்களை இணையம் வழியாக இயக்குவதற்கென்று வெளியான விளையாட்டு ஆவணம், ஆர்எஃப்சி 2324 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறைகளை எழுதும் ஆவண வரிசை). டீ பாத்திரத்திடம் காபி போடச் சொன்னால் இந்த எண் திரும்பி வரும். 2022-இல் வந்த எச்டிடிபி (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) தரநிலை, 418-ஐப் பயன்பாட்டில் இல்லாத எண் என்று குறித்து ஒதுக்கி வைத்திருக்கிறது. உங்கள் தளத்தில் அதை அனுப்பிப் பார்க்கலாம். நிஜ எர்ரருக்கு மட்டும் வைக்காதீர்கள், ராத்திரி லாகைப் (எர்ரர் பதிவேட்டைப்) பார்க்கிறவர் திட்டுவார்.

கேள்வி: எங்கள் மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்ச். ஒன்று குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்கிறது. "எக்ஸார் போட வேண்டிய இடத்தில் ஆண்ட் போட்டுவிட்டார் எலக்ட்ரீஷியன்" என்கிறார் மாப்பிள்ளை. கிண்டலா, நிஜமா? (வாசகர், தஞ்சாவூர்)

நிஜம். இந்த மாதக் கடிதங்களிலேயே கச்சிதமான ஜோக் இதுதான். இரண்டு நிபந்தனைகளில் ஒன்று மட்டும் உண்மையானால் உண்மை என்பது எக்ஸார்; இரண்டும் உண்மையானால்தான் உண்மை என்பது ஆண்ட்.

இரண்டுமே டூ-வே சுவிட்ச். ஒவ்வொன்றிலும் மூன்று முனை, பெரும்பாலும் நடுவில் இருப்பது காமன். கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ் வரும். மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு ஒயர் மேல் சுவிட்சின் அதே இரு முனைகளுக்குப் போகும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து லைட்டுக்கு. நியூட்ரல் நேராக லைட்டுக்கு. இப்படி இருந்தால் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் லைட்டின் நிலை மாறும்; அதுதான் எக்ஸார்.

காமனில் இருக்க வேண்டிய ஒயரும் பக்க முனை ஒயரும் இடம் மாறினால், இரண்டு சுவிட்சும் குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டுமே எரியும். அதுதான் ஆண்ட். எந்தச் சுவிட்சில் மாறினாலும் அறிகுறி ஒன்றே என்பதால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, இரண்டையும் திறக்க வேண்டும். மெயினை அணைத்து, டெஸ்டரில் பார்த்துவிட்டுத்தான் திறக்கணும். பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புது ஒயர் தேவையில்லை, இரண்டு முனையை மாற்றிக் கொடுத்தால் முடிந்தது.

நடுத்தளத்தில் மூன்றாவது சுவிட்ச் வேண்டுமானால் டூ-வே வாங்காதீர்கள். நான்கு முனை கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச் கேளுங்கள், அந்த இரண்டு ஒயருக்கும் நடுவில் அது உட்காரும்.