பன்னிரண்டு வயதில் யாரைத் தெரிவு செய்வது?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கண்டியில் பிறந்து வளர்ந்தவன் நான், இப்போது ஒக்லாந்தின் வடகரையில் இருக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். சின்ன வயதில் அணித் தெரிவு வேண்டாம் என்று நீங்கள் சொல்கிற ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இங்கே நோர்த் ஹார்பர் றக்பி சங்கம் 2019இல் பல கழகங்களிலிருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்து அமைக்கும் சிறுவர்களின் பிரதிநிதித்துவ அணிகளை நிறுத்திவிட்டது. விரும்புகிற எல்லோருக்கும் பயிற்சி என்றார்கள். அப்போது என் மூத்த மகனுக்கு 12 வயது. அந்த அணிக்காக இரண்டு வருடம் உழைத்திருந்தான். அன்று அவன் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. போட்டி இல்லை, தெரிவு இல்லை என்றால் பிள்ளை எப்படி முன்னேறுவான்? ரோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி றக்பி மெட்ச் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாதா?

இப்போது இளையவனுக்கு 11 வயது. நவம்பரில் பிறந்தவன், சின்ன உருவம், ஆனால் ஆட்டம் புரிந்தவன். ஹார்பர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கழகத்தில் சேர்த்தால் தெரிவுக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாற்றலாமா?

ஒரு தந்தை, ஒக்லாந்து

*

அன்புள்ள தம்பி,

மூத்தவன் அழுததை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். சங்கத்தின் முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக அந்த அழுகை சின்ன விஷயமாகிவிடாது. பாதி வழியில் இருந்த பிள்ளையிடம் பாதையை மூடிவிட்டோம் என்று சொல்லும்போது, நேரில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போட்டியும் தெரிவும் ஒரே மூச்சில் வருகின்றன. நான் பிரித்துப் பார்ப்பது அந்த இடத்தில்தான். சனிக்கிழமை காலையில் பக்கத்துக் கழகத்தோடு மோதி, தோற்று, அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவது போட்டி. அது 8 வயதிலும் வேண்டும், 12 வயதிலும் வேண்டும். அந்தக் கழகங்களிலிருந்து இருபது பேரைப் பொறுக்கி, மேற்சட்டை கொடுத்து, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது தெரிவு. 12 வயதில் அது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

காரணம் உங்கள் இளைய மகனிடமே இருக்கிறது. நியூசிலாந்தில் சிறுவர் றக்பியின் வயதுக் கணக்கு ஜனவரி 1ஆம் திகதியை வைத்து. ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்த உங்கள் மகனும் ஒரே பிரிவில்தான் நிற்பார்கள், இடையில் பத்து மாதம். பதினொரு வயதில் பத்து மாதம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். இதோடு வளர்ச்சி வேகமும் சேர்கிறது. ஆண்பிள்ளைகள் வேகமாக உயர்வது சராசரியாக 13, 14 வயதில். ஆனால் ஒருவனுக்கு அது 12இலேயே வரும், இன்னொருவனுக்கு 15இல் வரும். ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பையன்களின் உடம்புக்கு இடையில் நான்கைந்து வருட வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் மைதானத்து ஓரம் நின்று தெரிவு செய்பவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், யார் முதலில் வளர்ந்தான் என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார். கனடாவின் ஐஸ் ஹொக்கி அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதை 1980களிலேயே கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் றக்பி அகடமிகளைப் பற்றிய ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. முந்திப் பிறந்தவர்கள் அதிகம் உள்ளே வருகிறார்கள், ஆனால் உள்ளே வந்தவர்களில் பிந்திப் பிறந்தவர்கள்தான் பெரியவர்களின் தொழில்முறை அணிவரை கூடுதலாகப் போய்ச் சேர்கிறார்கள். சிறுவயதில் பெரிய உடம்புகளுக்கு நடுவே தப்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது அவர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு இதை ஆய்வு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்டியில் நான் படித்த பாடசாலையில், 13 வயதுக்குட்பட்ட அணிக்கான தெரிவு ஒரே பின்னேரத்தில் முடிந்தது. எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். உயரமானவர்கள் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம். அதற்குப் பிறகு அரை மணி ஆட்டம். என் பக்கத்தில் நின்றவன் எங்கள் வகுப்பிலேயே பந்தை நன்றாகக் கைமாற்றுகிறவன், இரண்டு கையாலும் ஒரே மாதிரி எறிவான். பெயர்ப்பட்டியல் அடுத்த நாள் அறிவித்தல் பலகையில் இருந்தது, அதில் அவன் இல்லை. ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை. 16 வயதில் எங்கள் எல்லோரையும்விட உயர்ந்துவிட்டான். அப்போது யாரும் போய் அவனைக் கூப்பிடவில்லை.

அந்தப் பட்டியலில் முதல் பெயராக இருந்தவனையும் நான் மறக்கவில்லை. அவனுக்கு அப்போதே மீசை. பந்தைக் கொடுத்தால் நேராக ஓடுவான், நாலு பேர் சிதறுவார்கள், எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை வைப்பான். மூன்று வருடம் அவனிடம் யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. பந்தைக் கொடு, இடைவெளியைப் பார், உதைத்துப் பழகு என்று சொல்லவே இல்லை. அவன் ஓடினால் போதும், நாங்கள் வெல்வோம். 17 வயதில் மற்றவர்கள் அவன் அளவுக்கு வந்ததும், அவனிடம் வேறு எதுவும் இல்லை. கைவிட்டுப் போனான். ஒதுக்கப்பட்டவனைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம், சீக்கிரம் தெரிவானவனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அவனையும் அந்தப் பட்டியல்தான் கெடுத்தது.

சரி, பிரட்பிக்கு வருவோம். கண்டி போகம்பரை மைதானத்தில் நானும் கத்தித் தொண்டை கட்டியவன்தான். 1945இலிருந்து ரோயலும் திரித்துவமும் கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என்று ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டிக் கேடயத்தைக் கொடுக்கிறார்கள். அதில் ஆடுகிறவர்கள் பாடசாலையின் முதன்மை அணியான முதல் பதினைவர், 17, 18 வயதுப் பையன்கள். நீங்கள் 12 வயதுக்குக் கேட்கிற அணிக்கு அந்த நினைவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள், தம்பி. அது பொருந்தாது.

பெரிய வயதிலும் பரிசுக்கான வெறி தன் வேலையைக் காட்டும். உங்கள் ஊரிலேயே 2018 கடைசியில் பத்துப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து, வேறு பாடசாலைகளின் வீரர்களை இழுத்துக்கொள்வதாக ஒரு பாடசாலையைக் குற்றம்சாட்டி, அதனோடு இனி ஆடமாட்டோம் என்று நின்றன. அடுத்த வருடம் றக்பி, கிரிக்கெட், ஹொக்கி, கால்பந்து, நெட்போல் ஐந்தும் அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் நியூசிலாந்தோடு சேர்ந்து, சிறுவர் விளையாட்டின் போக்கை மாற்றுவதாக உறுதி கூறின. நோர்த் ஹார்பரின் முடிவு தனியாக வானத்திலிருந்து விழவில்லை.

அப்போ எப்படி நடத்துவது? என் மனதில் இருப்பது இதுதான். 13 வயது வரைக்கும் கழகத்துக்குக் கழகம் போட்டி, அப்புறம் பல கழகத்துப் பிள்ளைகளைக் கலந்து ஆடவைக்கும் விழா நாட்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம், அந்த விதி உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. ஒக்லாந்தில் எடைக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளும் உண்டு, அவை நல்லவை, ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள். கனமான ஒரு பிள்ளையைத் தன் நண்பர்களிடமிருந்து பிரித்து மூத்தவர்களோடு விட்டால், உடம்பு தாங்கும், மனம் தாங்குமா என்று யாராவது பார்க்க வேண்டும்.

14, 15இல் பெரிய குழாம். ஐம்பது அறுபது பேர், பல வாரம், பல ஆட்டம், இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்க்க வேண்டும். தெரிவுக்குழுவில் அங்கே ஆடுகிற பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ இருக்கக் கூடாது. பயிற்றுநரின் கையில் இருக்கும் தாளில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் இருக்கட்டும். எடுபடாத பிள்ளையிடம் ஒருவர் நேரில் பேச வேண்டும்: எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும், அடுத்த வருடம் திரும்ப வா. வட்ஸ்அப்பில் பட்டியலைப் போட்டுவிட்டுப் போவது கூடாது. 16க்குப் பிறகு உண்மையான பிரதிநிதித்துவ அணி, மேற்சட்டை, எல்லாம்.

பாலம் தாண்ட வேண்டாம். நவம்பரில் பிறந்த சின்ன உருவப் பையனைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்துவதற்கு நீங்களே பெற்றோல் செலவழிக்காதீர்கள். இப்போதிருக்கும் கழகத்தில் நண்பர்களோடு ஆடட்டும். பயிற்றுநரிடம் போய், முன்வரிசையிடமிருந்து பந்தை எடுத்துப் பின்வரிசைக்குக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் இடத்தில் ஒரு மாதம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் புரிந்த பிள்ளைக்கு அங்கேதான் பந்து அதிகம் வரும்.

மூத்தவன் இப்போதும் விளையாடுகிறானா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா