ஓபராவில் 'மரபான மேடையாக்கம்' என்றால் என்ன?

ஓபரா என்பது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். அதன் கதை எந்தக் காலத்தில், எந்த ஊரில் நடப்பதாக எழுதப்பட்டதோ, அதையே மேடையிலும் காட்டுவதுதான் மரபான மேடையாக்கம். நல்ல உதாரணம், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் இயக்குநர் ஃபிராங்கோ செஃபிரெல்லி 1981ல் அமைத்த 'லா போயெம்'.

புச்சினி இசையமைத்த இந்த ஓபரா முதலில் 1896ல் டூரினில் மேடையேறியது. கதை 1830களின் பாரீஸில் நடக்கிறது. குளிரும் மாடி அறை, அணைந்துபோகும் மெழுகுவர்த்தி, இருட்டில் தேடும் சாவி, தற்செயலாகத் தொட்டுக்கொள்ளும் இரண்டு கைகள். இவை வெறும் அலங்காரம் இல்லை. கதாநாயகன் ரொடோல்ஃபோவின் புகழ்பெற்ற பாட்டே, கதாநாயகி மிமியின் கை சில்லென்று இருப்பதில்தான் தொடங்குகிறது. 2017ல் பாரீஸில் இதே ஓபராவை விண்கலத்தில் நடப்பதாக அமைத்தார்கள். துணிச்சலான முயற்சிதான், ஆனால் எனக்கு அந்த மெழுகுவர்த்தி வேண்டும்.

சரி, பாடகர்கள்? 1981ல் தெரேசா ஸ்ட்ராடாஸ் மிமியாகவும் ஹோசே கரேராஸ் ரொடோல்ஃபோவாகவும் பாடினார்கள். அப்புறம் எத்தனையோ பேர் அந்த வேடங்களில் வந்துவிட்டார்கள், மேடை அமைப்பு மாறவில்லை. வீடு அதேதான், குடியிருப்பவர்கள் மாறுகிறார்கள். மைக் இல்லாமல், முழு இசைக்குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி அவர்கள் பாட வேண்டும். அதனால் ஒவ்வொரு குரலிலும் மிமி வேறொருத்தியாகிறாள்.

மரபான மேடையாக்கம் என்றால் 1896ல் நடந்ததை அப்படியே நகலெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, கூரைகளுக்கு நடுவே அந்தச் சின்ன அறையை வைத்தது செஃபிரெல்லியின் சொந்தக் கற்பனை.