ஜப்பானில் செய்த பழைய தையல் மிஷின்: எந்தக் கம்பெனி, எந்த மேனுவல்?

அமெரிக்காவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கறுப்பு இரும்பு மிஷின். மேலே தங்க எழுத்தில் 'டி லக்ஸ்', பின்னால் பொடியாக 'மேட் இன் ஜப்பான்'. இதன் கம்பெனி எது, மேனுவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த 'டி லக்ஸ்' என்ற பெயரைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அது கம்பெனி இல்லை, ஒட்டுப் பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் சிங்கர் கம்பெனியின் 15-ஆம் வகை மிஷினை மாதிரியாக வைத்து, ஒரே அளவில் பாகங்கள் செய்யும்படி பொது வடிவம் ஒன்றை வகுத்துக்கொண்டன. அதற்கு ஹெச்.ஏ-1 என்று பெயர். ஒரு பட்டறை மிஷினின் மேலுடம்பான தலையை வார்க்கும், இன்னொன்று ஷட்டிலைச் செய்யும், வேறொன்று எல்லாவற்றையும் பூட்டும். கப்பலேறிய மிஷின்களில் அமெரிக்க இறக்குமதியாளரும் கடைக்காரரும் தங்களுக்குப் பிடித்த பெயரை ஒட்டி விற்றார்கள். அதனால் ஒரே மிஷின் நூற்றுக்கணக்கான பெயர்களில் இன்று கிடைக்கிறது. 'பிரிசிஷன்', 'யுனிவர்சல்' எல்லாம் இந்தக் கதைதான். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது கம்பெனியை அல்ல, வகையை.

உங்களுடையது ஹெச்.ஏ-1தானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மேல்நூலை இறுக்கும் டென்ஷன் இடப்பக்கக் கோடியில், முகத்தகட்டின் மேல் இருக்க வேண்டும். ஊசிக்கு இடப்பக்கம் உள்ள தகட்டை நகர்த்தினால் உள்ளே பாபின் கேஸ் செங்குத்தாக நிற்கும். அதன் தாழைப் பிடித்து இழுத்தால் கேஸ் முழுசாகக் கையோடு வந்துவிடும். பாபினின் இரு பக்கமும் தட்டையாக, சுமார் 20 மி.மீ. விட்டம், 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம். வலப்பக்கத் தூணில் தையல் நீளத்துக்கான கைப்பிடி. கீழே தள்ளினால் முன்தையல், மேலே தூக்கினால் பின்தையல். இவ்வளவும் பொருந்தினால் அது 15-தான். பாபின் மேலிருந்து படுத்தவாக்கில் விழுந்து, அதன் பக்கங்கள் லேசாக உப்பியிருந்தால் அது சிங்கரின் 66-ஆம் வகையின் நகல். அதற்கு மேனுவல் வேறு.

அடுத்து மிஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து அடிவயிற்றைப் பாருங்கள். கசடை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் வார்ப்பில் ஜே-ஏ அல்லது ஜே-சி என்று தொடங்கி ஓர் எண் தெரியலாம். அது தயாரிப்பாளருக்கான குறியீடு. எந்த எண் எந்தத் தொழிற்சாலை என்று சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்கள் உண்டு. ஆனால் முழுமையானவை இல்லை, கம்பெனி தெரிந்தாலும் மேனுவல் மாறப்போவதும் இல்லை. சீனாவின் பட்டர்ஃப்ளை மிஷின்களில் வரும் ஜே.ஏ-2 போன்ற மாடல் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏமாற இன்னொரு இடம் மோட்டாரில் இருக்கிறது. மோட்டார் தகட்டில் உள்ள பெயர் மோட்டார் செய்தவருடையது. பலர் அதையே மிஷின் கம்பெனி என்று நம்பி மாதக்கணக்கில் தேடுகிறார்கள். தங்க எழுத்துகளின் மேல் மட்டும் ஸ்பிரிட்டோ அம்மோனியா கலந்த கிளீனரோ படக்கூடாது, உரிந்து வந்துவிடும். மிஷின் ஆயிலும் மெல்லிய துணியும் போதும்.

வயது பற்றி: 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. வெறும் 'ஜப்பான்' என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. சிங்கர் மிஷினில் வரிசை எண்ணை வைத்து ஆண்டு சொல்வதுபோல் இவற்றில் சொல்ல முடியாது.

மேனுவலுக்கு வருவோம். சிங்கர் 15-88 காலால் மிதிப்பது, 15-89 கையால் சுற்றுவது, 15-90 வெளியே மோட்டாரும் பெல்ட்டும் உள்ளது, 15-91 உடம்போடு மோட்டார் சேர்ந்தது. ஜப்பானிய மிஷின்களில் பெல்ட் மோட்டார்தான் வழக்கம் என்பதால் 15-90 புத்தகத்தை எடுங்கள். மிதிப்பலகையில் பூட்டியிருந்தால் 15-88. சிங்கர் தளத்திலும், ஐஸ்மாக்ஸ் எனப்படும் பன்னாட்டுத் தையல் மிஷின் சேகரிப்பாளர் சங்கத்தின் தளத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய சிங்கர் மேனுவல்கள் இலவசம். உங்கள் ஒட்டுப் பெயரைப் போட்டு "ஒரிஜினல் மேனுவல்" என்று காசுக்கு விற்பவர்களிடம் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பல நேரம் உள்ளே இதே பக்கங்கள்தான்.

நூல் கோர்ப்பது, ஆயில் விடுவது, டென்ஷன் சரிசெய்வது மூன்றுக்கும் அந்தப் புத்தகம் அப்படியே பொருந்தும். ஊசி மட்டும் கவனம். பாபின் கேஸ் இடப்பக்கமாக வெளிவருகிற இந்த மிஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் வலப்புறம், நீளக் குழி இடப்புறம், நூல் இடமிருந்து வலம். மாற்றிப் போட்டால் தையலே விழாது, இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் ஊசிக்கு மேலே கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் என்று பாருங்கள். குழி அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஊசிப் பொட்டலத்தில் 15×1, ஹெச்.ஏ×1, 130/705 எது இருந்தாலும் ஒன்றேதான்.

சிங்கர் புத்தகத்தில் அப்படியே இல்லாத, ஜப்பானியர் கூட்டிய இரண்டு விஷயங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். துணியை அழுத்தும் பாதத்தைத் தாங்குகிற பிரஸ்ஸர் கம்பியின் தலையில், சிங்கரில் திருகு இருக்கும் இடத்தில், பல ஜப்பானிய மிஷின்களில் ஒரு பித்தானும் அதைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். நடுப் பித்தானை அழுத்தினால் பாதத்தின் அழுத்தம் கூடும். வளையத்தை அழுத்தினால் பித்தான் டக்கென்று மேலே எழும்பி அழுத்தம் போய்விடும். துடைக்கும்போது வளையத்தில் விரல் பட்டாலே போதும். அப்புறம் ஊசி ஏறி இறங்கும், துணி நகராது. இரண்டாவது, படுகையின் (மிஷினின் அடித்தட்டு) வலப்பக்கத்தில், துணியை நகர்த்தும் பல்லை இறக்கும் குமிழ். எம்பிராய்டரிக்காகப் பல்லைத் தகட்டுக்குக் கீழே இறக்குவது, பட்டுத்துணிக்குப் பாதி இறக்குவது என்று அதற்கு நிலைகள் உண்டு. துணி நகரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சக்கரத்தின் நடுத்திருகுக்கு உள்ளே இருக்கும் வாஷரில். யாரோ கழற்றித் துடைத்துவிட்டுத் தப்பாக மாட்டியிருப்பார்கள். உள்விளிம்பில் இரண்டு காதுகள், வெளிவிளிம்பில் மூன்று. உட்காதுகள் அச்சின் பள்ளத்தில் உட்கார வேண்டும். திருகை முடுக்கியும் சக்கரம் பிடிக்கவில்லை என்றால் வாஷரை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

புது பாபின் கேஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 15-ஆம் வகையிலேயே கேஸிலிருந்து நீண்டு நிற்கும் விரல் போன்ற பாகம், கடிகார முள் வைத்துச் சொன்னால், 11 மணிப் பக்கம் நிற்பதும் உண்டு, 1 மணிப் பக்கம் நிற்பதும் உண்டு. மாறிப்போனால் கேஸ் சரியாக உட்காராது.

கறுப்பாக இல்லாமல் நீலம், இளஞ்சிவப்பு என்று வந்த ஜிக்ஜாக் மிஷின்களுக்கு 15-90 புத்தகம் பாதிதான் உதவும். அவற்றுக்கு முகப்பில் குமிழ்களும் கைப்பிடிகளும் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று படம் எடுத்து, அதே அடுக்கு உள்ள வேறு பெயர் மிஷினின் மேனுவலைத் தேடுவதே வழி. அமெரிக்கக் கடை நிறுவனமான சியர்ஸ் விற்ற கென்மோர் மிஷின்கள் மட்டும் எளிது: மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரைச் சொல்லும். 158 என்றால் மாருசென், 385 என்றால் ஜனோமி. தேடும்போது புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால்: அமெரிக்கச் சந்தைக்கான மோட்டாரும் விளக்கும் 110–120 வோல்ட்டுக்கானவை. 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். தகட்டில் உள்ள ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி, அதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், 1.2 ஆம்பியர் என்றால் 300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்). அதற்கு முன் வயரை மடக்கிப் பாருங்கள். ரப்பர் வெடித்துச் செம்பு தெரிந்தால் மாற்றாமல் கரண்ட் கொடுக்கக்கூடாது. இன்னொரு வழி, மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு நம்மூர் மிதிப்பலகையில் ஏற்றுவது. படுகையின் அளவையும் கீல் துளைகளையும் முதலில் அளந்து பாருங்கள், பொருந்தினால் ஒரு தோல் பெல்ட்தான் செலவு.