கோட்டைக்கு ஒரு படம், குப்பைக்கு ஒரு கணக்கு

கேள்வி: காட்பாடியில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வயது 20. நிலையான நகர வளர்ச்சி பற்றி ஜெர்மனியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பத்து நாள் பன்னாட்டு இளைஞர் பரிமாற்ற முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றி எட்டு நிமிடம் பேச வேண்டும். வேலூர்க் கோட்டையைக் காட்டுவதா, ஸ்மார்ட் சிட்டி வேலைகளைக் காட்டுவதா? விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
– வாசகி, காட்பாடி

பதில்: கோட்டைக்கு ஒரு படம் போதும். 2016இல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் சேர்ந்ததை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். திட்டப் படங்கள் எல்லோரிடமும் இருக்கும். உங்கள் தெருவின் குப்பைக் கணக்கு உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அதை எடுத்துப் போங்கள்.

ஒரே தெருவில் 20 வீடுகள். தனி வீடு, வாடகை போர்ஷன், மாடி வீடு எனக் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ரேஷன் கார்டில் உள்ள எண்ணிக்கை இதற்கு உதவாது. 10 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, நாப்கின்–டயப்பர், பல்பு–பேட்டரி–பழைய மருந்து என்று நான்கு பைகள். வெறும் பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். ஞாயிறு உட்பட தொடர்ந்து எட்டு நாள் எடை போட்டு, முதல் நாள் கணக்கைத் தள்ளிவிடுங்கள். சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மாலையில் எடை போட்டால் வேலூர் வெயிலில் காய்கறிக் கழிவு வற்றி எடை குறைந்துவிடும். அதனால் காலையில், தூய்மைப் பணியாளர் வண்டி வருவதற்கு முன் முடியுங்கள். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்தது, மாட்டுக்குப் போகும் காய்கறித் தோலும் கழனித்தண்ணீரும், பழைய பேப்பர்காரருக்குப் போகும் பாட்டிலும் அட்டையும். இவை குப்பைப் பைக்கே வராது. தனிப் பத்தியில் குறியுங்கள். மூன்றாவது, ஆயுத பூஜை, பொங்கல் வாரங்கள்: வாழைக்கன்றும் பூசணியும் கரும்புச் சக்கையும் கணக்கைத் தூக்கிவிடும்.

மொத்த எடையை ஆட்களாலும் நாட்களாலும் வகுங்கள். 80 பேர், 7 நாள், 196 கிலோ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம். இந்திய ஊர்களுக்கு, அளவைப் பொறுத்து, 200 முதல் 600 கிராம் வரை என்பது வழக்கமான கணிப்பு. ஒரு கிலோவைத் தாண்டினால் கட்டட இடிபாடோ கடைக் குப்பையோ கலந்திருக்கும்.

பாலாற்றையும் அதை மாசுபடுத்திய தோல் தொழிற்சாலைகளையும் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியது. சுற்றுச்சூழல் சட்டம் படித்தவர்களுக்கு வேலூர் என்ற பெயரே இதனால்தான் தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் 2019இல் வேறு மாவட்டங்களுக்குப் போய்விட்டன என்று நழுவாதீர்கள்; ஆறு ஒன்றுதான்.

ஜெர்மனிக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. இதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். சென்னையில் நேரில் கைரேகை கொடுக்க வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட், நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பது அழைப்புக் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். கல்லூரியிலிருந்து அங்கே படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைட் சான்றும் விடுப்பு அனுமதியும் வாங்குங்கள். கட்டணம் 90 யூரோ. 25 வயதுக்கு உட்பட்டவர், லாப நோக்கமற்ற அமைப்பின் பிரதிநிதியாக, அத்தகைய அமைப்பு நடத்தும் கருத்தரங்குக்கோ கல்வி நிகழ்வுக்கோ போனால் கட்டண விலக்கு உண்டு. இங்கிருந்து உங்களை அனுப்புவதும் அப்படிப்பட்ட அமைப்பு என்றால், அதன் கடிதத்தையும் இணையுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ, டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

கலாச்சார இரவுக்கு ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோகும் ஆசை வரும். பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவா அதில் சேர்ந்தது; பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணிகள் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள், நெய்யும் சேர்த்துத்தான். கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.