காஃப்கா தெரிந்தால்தான் வேலையா?

வணக்கம் அம்மா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மகன், புராஜெக்ட்டில் புரோகிராம்களுக்கு இடையே செய்தி கடத்தும் மென்பொருளாக காஃப்காவைப் போடுவதா ரேபிட்எம்க்யூவைப் போடுவதா என்று குழம்பிக் கிடக்கிறார், காஃப்கா இல்லாவிட்டால் வேலையே கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர் அடிக்கடி வருவது உண்மைதான். ஆனால் படிப்பு முடிந்ததும் அவர் போகப்போவது சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவைக்கு. இரண்டு வருடம் கழித்து வெளியே வரும்போது எந்தப் பெயர் சூடாக இருக்குமோ, யார் கண்டது? பெயரை விடுங்கள். மீதியை அவரிடமே காட்டுங்கள்.

தம்பி, உன்னுடையது உணவங்காடிக் கடைக்கான ஆர்டர் செயலி. ஆர்டர் வாங்க ஒரு புரோகிராம், சமையல் பக்கத் திரைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. மூன்றும் ஒரே கணினியில் ஓடினால் காஃப்கா, ரேபிட்எம்க்யூ போன்ற மெசேஜிங் சர்வரே வேண்டாம். டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். சமையல் பக்கம் தனி டேப்லெட் என்றால் மேலே படி.

மதியக் கூட்டத்தில் அந்தத் திரை நின்றுபோனால், அப்போது வந்த ஆர்டர் என்ன ஆகும்? நீ முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ரெடிஸ் என்ற மென்பொருளின் பப்-சப்பில் (அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் வசதி) போனது போனதுதான்; கேட்க ஆளில்லாத செய்தியை அது வைத்துக்கொள்ளாது. ரேபிட்எம்க்யூவில், மறுமுனை ‘கிடைத்தது’ என்ற பதிலை, அதாவது அக், அனுப்பும்வரை செய்தி வரிசையிலிருந்து நீங்காதபடி செய்யலாம். ரேபிட்எம்க்யூவே விழுந்து எழுந்தாலும் ஆர்டர் தப்ப வேண்டுமா? வரிசையை டியூரபிள் (சர்வர் மறுபடி தொடங்கினாலும் நிலைப்பது) என்றும் செய்தியை பெர்சிஸ்டென்ட் (வட்டில் எழுதிவைப்பது) என்றும் நீதான் குறிக்க வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. திரை ஆர்டரைக் காட்டிவிட்டு, அக் அனுப்புவதற்குள் இணைப்பு அறுந்தால் அதே செய்தி மறுபடி வரும். ஒரே சிக்கன் ரைஸ் இரண்டு தட்டு ஆகிவிடும். ஆர்டர் எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததை ஒதுக்குவது உன் புரோகிராமின் வேலை. நேர்முகத் தேர்வில் இதைத் தடுமாறாமல் விளக்கிவிட்டால், எந்தக் கருவியில் செய்தாய் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காஃப்கா வேறு ரகம். லிங்க்ட்இன் தன் தேவைக்காக உருவாக்கி 2011இல் திறமூலமாக வெளியிட்டது. பேரேடு மாதிரி, யார் படித்தாலும் வரி அழியாது. எதுவரை படித்தோம் என்பது படிக்கிறவர் கணக்கு. நீ மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். கணக்கு புரோகிராமில் பிழை வந்து, வாரத்தின் ஆர்டர்களை முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் அருமையான கருவி. ஒரு கடையின் மதிய வியாபாரத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? ரேபிட்எம்க்யூவை எடு.

அப்புறம், ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்போது திரை புரோகிராமை வேண்டுமென்றே நிறுத்தித் திரும்ப ஓட்டு. எத்தனை தொலைந்தன, எத்தனை இரண்டு முறை வந்தன என்று எண்ணி, அந்த அட்டவணையை அறிக்கையில் போடு. காஃப்காவை ஏன் எடுக்கவில்லை என்று கீழே அரைப் பக்கம் எழுது.