பதில்: 215/45 R17 டயரில் அலாய் வீல் உரசிக்கொண்டே இருக்கிறது

வணக்கம் நண்பரே. புது வீல் வாங்கி இரண்டே மாதத்தில் இடப்பக்க வீல்கள் இரண்டும் பிளாட்பாரக் கல்லில் தேய்ந்துவிட்டன என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உங்கள் பார்க்கிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது. 8 இன்ச் அகல ரிம்மில் (டயர் மாட்டும் உலோக வளையம்) 215 மி.மீ. அகல டயர் போட்டிருக்கிறீர்கள், சிக்கலே அங்கேதான். 8 இன்ச் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. வெளி விளிம்பு வரை அளந்தால் இன்னும் ஏறக்குறைய ஒரு இன்ச் கூடும். டயரைவிட ரிம்மே அகலமாகிவிடுகிறது. அதனால் டயரின் பக்கச்சுவர் உள்ளே இழுபட்டு, கல்லில் முதலில் ரிம்தான் படுகிறது.

அடுத்த முறை 225/45 R17 போடுங்கள். டயரின் விட்டம் 9 மி.மீ.தான் கூடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, டயர் உள்ளே எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) பழையதைவிடக் குறையவே கூடாது.

அப்புறம், ரிம் புரொடெக்டர் உள்ள டயரா என்று கேட்டு வாங்குங்கள். ரிம்மை ஒட்டி ஒரு ரப்பர் வரம்பு துருத்திக்கொண்டிருக்கும். கான்டினென்டலில் எஃப்ஆர், டன்லப்பில் எம்எஃப்எஸ் என்ற எழுத்துகள் இருக்கும். லேசான உரசலை அது தாங்கிக்கொள்ளும், வேகமாக மோதினால் தாங்காது.

வீல் சிறிதாவதால் உள்ளே இருக்கும் பிரேக்கில் இடிக்காது என்றால், 16 இன்ச் வீலில் 205/55 R16 போடுவதுதான் என் விருப்பம். பக்கச்சுவர் உயரம் 97 மி.மீ.யிலிருந்து 113 ஆகும், குழிகளிலும் நிம்மதி.